கோவிலுக்கு எழுதி வைக்க நினைத்தால்: விளையா, ரொக்கமா, பங்கா?

எங்கள் அத்தைக்குப் பிள்ளை இல்லை. மாமா போன பிறகு பதினாறு வருடம் கோவிலுக்கு, அதாவது எங்கள் ஊர் சர்ச்சுக்கு, எதிர் வீட்டில் தனியாகவே இருந்தாள். முதல் மணி அடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள், மழை இருக்கிறதோ இல்லையோ. ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் படிக்கும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் தோறும் ஆளுக்கு ஒரு புதுத்துணி கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்காகத் தன் ஐம்பது சென்ட் பனைவிளையை, அதாவது பனந்தோப்பை, உயில் எழுதி வைத்தாள். ஒரு முழு வெள்ளைத் தாளில், அழகான கையெழுத்தில், "என் பனைவிளையை நம் ஊர்க் கோவிலுக்குக் கொடுக்கிறேன்" என்று.

அவள் அடக்கம் முடிந்து ஒன்பது வருடம் கழித்துத்தான் பட்டா மாறியது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் ஒருவர் அத்தைக்கு முன்பே போய்விட்டார். இன்னொருவருக்கு மறதி. "நம் ஊர்க் கோவில்" என்று சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள் கிடையாது என்பதும் அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் பக்கத்து விளைக்காரர் வேலியை இரண்டு பனை தள்ளி நட்டுவிட்டார். இப்போது அந்த விளை வருடத்துக்கு 4,000 ரூபாய் குத்தகை தருகிறது. புதுத்துணி இதுவரை ஒரு பிள்ளைக்கும் போகவில்லை.

நான் வக்கீல் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன். இறந்தவர்களின் டெபாசிட்டைக் கேட்டு வந்த வாரிசுகளையும், அவர்கள் கையிலிருந்த உயில்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சேகரத்தில், அதாவது ஒரே குருவானவரின் கீழ் உள்ள சபைகளில், யாராவது "கோவிலுக்குக் கொஞ்சம் எழுதி வைக்கலாம்னு இருக்கேன்" என்று ஆரம்பித்தால் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நமக்கு இருக்கிற சுதந்திரம்

இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. உயில் எழுதினால் இந்தக் கணக்கு எதுவும் கட்டுப்படுத்தாது. தன் பெயரில் உள்ளதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். முஸ்லிம்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பு உண்டு. நமக்கு அப்படி ஒன்றும் இல்லை.

ஆனால் 2003 வரை கோவிலுக்கு எழுதுவதில் மட்டும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அந்தச் சட்டத்தின் 118-ஆம் பிரிவுப்படி, அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளைகளோ அவர்களைவிட நெருங்கிய உறவோ இருக்கிற ஒரு கிறிஸ்தவர், மத காரியத்துக்கோ தர்மத்துக்கோ சொத்து எழுதினால், சாவதற்குப் பன்னிரண்டு மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதிய ஆறு மாதத்துக்குள் அதைச் சட்டம் சொல்லும் பாதுகாப்பில் வைத்திருக்கவும் வேண்டும். எழுதிய பதினோராம் மாதம் கண்ணை மூடினால் கோவிலுக்கு ஒன்றும் கிடையாது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்த நிபந்தனை கிடையாது. கேரளத்துக் குருவானவர் ஜான் வள்ளமற்றம் தொடுத்த வழக்கில் 2003 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்று தள்ளியது.

தள்ளியது சரிதான். ஆனாலும் அந்தப் பிரிவுக்குப் பின்னால் இருந்த பயம் பொய்யான பயம் இல்லை. இதன் வேர் 1736-இல் இங்கிலாந்து போட்ட ஒரு சட்டத்தில் இருக்கிறது. சாகக் கிடக்கிறவர், பக்கத்தில் ஜெபிக்கிற குருவானவர், வெளியே நிற்கிற பிள்ளைகள்: அந்த நேரத்தில் எழுதப்படும் உயிலை யார் எழுதினது என்று சொல்வது? அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது, சட்டம் போய்விட்டாலும் அந்தப் பன்னிரண்டு மாதத்தை நீங்களாக வைத்துக்கொள்ளுங்கள். நடமாடுகிற காலத்தில், நன்றாகக் கையெழுத்துப் போட முடிகிற காலத்தில் எழுதுங்கள்.

இன்னொன்று. பிள்ளைகளில் ஒருவர் சுகவீனமாக, தனியே பிழைக்க முடியாதவராக இருந்தால், கோவில் இரண்டாவதுதான். அம்மா அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கினவர்களை இயேசு கண்டித்தார் என்பது பிரசங்கம் கேட்கிற எல்லாருக்கும் தெரியும்.

விளையை எழுதுவது

நம்மவர்களுக்குக் கொடுப்பது என்றாலே நிலம்தான். பணம் கரையும், மண் நிற்கும் என்ற எண்ணம். கோவில் மதிலுக்குப் பின்னால் "இந்த விளை இன்னார் கொடுத்தது" என்று நாலு தலைமுறை சொல்லும். அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும் நான் பார்த்தவற்றில் அதிகம் பாழாய்ப் போனது நிலமாகக் கொடுத்ததுதான்.

முதலில் பெயர். உங்கள் ஊர்ச் சபை பெரும்பாலும் தனியாக ஒரு சட்ட நபர் அல்ல. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளின் சொத்து பொதுவாக 1947-இல் திருச்சபை உருவானபோதே பதிவான சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பலகைகளில் டி.டி.டி.ஏ. என்று பார்க்கிறோமே, அது திருநெல்வேலி டயோசிசன் டிரஸ்ட் அசோசியேஷன். அதுவும் இதே மாதிரிச் சொத்தை வைத்திருக்கும் அமைப்புதான். கத்தோலிக்கப் பங்கு என்றால் மறைமாவட்டத்தின் பதிவு செய்த சங்கமோ டிரஸ்டோ இருக்கும். உங்கள் கோவில் இருக்கும் இடத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அப்படிச் சரியான பெயரில் எழுதினால், அதன் பிறகு அந்த விளை உங்கள் ஊர் கையில் இல்லை. குத்தகைக்கு விடுவதும் விற்பதும் மேலே அனுமதி வாங்கி நடக்க வேண்டிய காரியம். மேலே தேர்தல், வழக்கு, அணி, எதிரணி என்று போய்க்கொண்டிருந்தால் உங்கள் ஐம்பது சென்ட்டை யார் நினைப்பார்கள்? ஊர்க் கமிட்டியும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறும். வேலி போட ஆள் இல்லாத நிலத்தில் பக்கத்து நிலத்துக்காரர் மெல்ல நுழைவார். வழக்குப் போட்டால் வக்கீல் ஃபீஸ் குத்தகையைவிட அதிகம்.

அடுத்தது, குறிப்பிட்ட ஒரு சொத்தை எழுதி வைத்துவிட்டு, நீங்களே உயிரோடிருக்கும்போது அதை விற்றுவிட்டால், அந்தக் கொடை அதோடு முடிந்தது. விற்ற பணத்தில் கோவிலுக்குப் பங்கு கிடையாது. எங்கள் சேகரத்தில் ஒரு பெரியவர் ரோட்டோர மனையைக் கோவிலுக்கு எழுதியிருந்தார். இருதய ஆபரேஷனுக்காக அதை விற்றார். மீதிப் பணம் வங்கியில் பல லட்சம் இருந்தது. உயிலைத் திருத்த மறந்துவிட்டார். கோவிலுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. "அப்பா மனசு மாறிட்டாரு போல" என்று நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நிலம் கொடுப்பது சரியாக வருகிற இடமும் உண்டு. கோவில் மதிலை ஒட்டிய இடம், கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்து இடம், கோவிலுக்கு வழி இல்லாமல் தவிக்கும் இடத்தில் பாதைக்கான துண்டு. அவற்றைப் பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது. கோவில் அவற்றை மறுநாளே பயன்படுத்தும், அதனால் காவலும் தானாக வந்துவிடும். ஊருக்கு வெளியே ஆள் போகாத விளை என்றால் விற்றுப் பணமாக்கிக் கொடுங்கள். பட்டணத்துக்கு எட்டாத கிராமத்து விவசாய நிலமானால் விற்கும்போது மூலதன ஆதாய வரியும் வராது.

ஒரு தொகை, அல்லது ஒரு பங்கு

சரி, பணம் என்று முடிவு செய்தாயிற்று. "ஒரு லட்ச ரூபாய்" என்று எழுதுவதா, "பத்தில் ஒரு பங்கு" என்று எழுதுவதா?

தொகை எழுதுவது எல்லாருக்கும் புரியும். சண்டைக்கு இடமில்லை. ஆனால் உயில் எழுதிய நாளுக்கும் அது நடைமுறைக்கு வரும் நாளுக்கும் இடையில் இருபது வருடம் போகலாம், போகட்டும் என்றுதான் எல்லாரும் ஜெபிக்கிறோம். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் இன்றைய ஒரு லட்சம் இருபது வருடத்தில் சுமார் 31,000 ரூபாய் மதிப்புக்கு வந்துவிடும். இது ஒரு பக்கம். இதற்கு நேர் எதிராக இன்னொரு பக்கம் இருக்கிறது, அதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. கையில் பதினைந்து லட்சம் டெபாசிட் இருக்கும்போது ஒருவர் கோவிலுக்கு மூன்று லட்சம் எழுதுகிறார். கடைசி வருடம் மருத்துவமனை பத்து லட்சத்தைத் தின்றுவிடுகிறது. மிஞ்சியது ஐந்து. சட்டப்படி குறிப்பிட்ட தொகையை முதலில் கொடுக்க வேண்டும், மீதிதான் மீதிக்காரருக்கு. கோவிலுக்கு மூன்று, இத்தனை நாள் பார்த்துக்கொண்ட மகளுக்கு இரண்டு. அவர் இதை நினைத்தா எழுதினார்? கோவிலில் அந்த மூன்று லட்சத்தை நன்றியோடு வாங்கிக்கொள்ளும்போது அந்த மகள் எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பாள்?

பங்கு என்று எழுதினால் இரண்டு பக்கமும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். கடனும் அடக்கச் செலவும் போக மீதியில் பத்தில் ஒன்று என்றால், மேலே சொன்ன கணக்கில் கோவிலுக்கு ஐம்பதாயிரம், மகளுக்கு நாலரை லட்சம். பணம் பெருகியிருந்தால் கோவிலுக்கும் பெருகியிருக்கும். நமக்குத் தசமபாகம் என்று ஒரு கணக்கு ஏற்கெனவே மனதில் இருக்கிறது. மாதாமாதம் கவரில் போட்டதைக் கடைசியாக ஒருமுறை போடுவது போலத்தான் இது. பிள்ளைகளுக்கும் அதைச் சொன்னால் சட்டென்று புரிகிறது. "ஏன் மூன்று லட்சம்?" என்று கேட்பார்கள். "ஏன் பத்தில் ஒன்று?" என்று நம் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

பங்கு எழுதுவதில் ஒரு சங்கடம், எதில் பங்கு என்பது. வீடு, நகை, டெபாசிட் எல்லாவற்றிலும் பத்தில் ஒன்று என்று எழுதினால், அம்மாவின் வளையலை எடை போட்டுக் கோவிலுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டி வரும். வீட்டில் பத்தில் ஒரு பங்கு கோவிலுக்கு என்றால் அந்த வீட்டை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் "வங்கியிலும் தபால் நிலையத்திலும் என் பெயரில் இருக்கும் பணத்தில்" என்று வரம்பு கட்டிவிடுவது நல்லது. டெபாசிட் ரசீது எண்ணை மட்டும் உயிலில் எழுதாதீர்கள். புதுப்பிக்கும்போது எண் மாறும். பழைய எண்ணை வைத்துக்கொண்டு வாரிசுகள் என் மேசைக்கு முன்னால் நின்ற நாட்கள் உண்டு.

நாமினியாகக் கோவிலைப் போட்டால் உயிலே வேண்டாமே என்று சிலர் கேட்கிறார்கள். வங்கி டெபாசிட்டுக்குத் தனிமனிதரைத்தான் நாமினியாகப் போட முடியும், சங்கத்தையோ டிரஸ்டையோ போட முடியாது. சரி, குருவானவர் பெயரைப் போடலாமே என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்க்க வேண்டிய ஆள் மட்டுமே, சொந்தக்காரர் அல்ல. அவருக்கு இடமாற்றம் ஆகும். உங்கள் வாரிசுகளுக்கும் அவருக்கும் நடுவில் வங்கி மேனேஜர் மாட்டிக்கொள்வார். நான் மாட்டியிருக்கிறேன்.

வட்டியில் நடக்கிற அறக்கட்டளை

முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று எழுதுவது நம்மிடையே பழைய வழக்கம். பரிசு, உதவித்தொகை, சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு அரிசி. கத்தோலிக்கரிடையே பெற்றோர் நினைவாக வருடா வருடம் பூசை வைக்கச் சொல்வது. இதில் ஒரு விஷயம், "என்றென்றைக்கும்" என்று எழுதினால் மறைமாவட்டம் அப்படியே ஏற்காது. திருச்சபைச் சட்டம் இப்படிப்பட்ட நிதிக்குக் கால வரையறை கேட்கிறது. எத்தனை வருடம் என்பதை உள்ளூர் விதி சொல்லும், பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இந்த வழியின் பலவீனம் எண்களில் இருக்கிறது. 5,000 ரூபாய் முதலுக்கு 7 சதவீத வட்டி என்றால் வருடம் 350 ரூபாய். எழுதிய காலத்தில் அது ஒரு பிள்ளையின் வருடப் படிப்புச் செலவாக இருந்திருக்கும். இன்று அந்தப் பரிசை மேடையில் வாங்குகிற பிள்ளை ஒரு ஜியோமெட்ரி பாக்ஸும் இரண்டு நோட்டும் வாங்கலாம். முழு வட்டியையும் செலவழிக்காமல், பாதியை முதலோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நிலைமை கொஞ்சம் மேலாக இருந்திருக்கும். இருபது, இருபத்தைந்து வருடத்தில் முதலையும் சேர்த்துச் செலவழித்து முடித்துவிடலாம் என்று எழுதுவது அதைவிட நல்லது என்பது என் கட்சி. எங்கள் கமிட்டியில் இதற்கு ஆதரவு இல்லை. "முதலைத் தொடலாமா?" என்று பதறுகிறார்கள்.

நோக்கத்தை எவ்வளவு குறுக்கி எழுதுவது என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்க என்று ஒருவர் அந்தக் காலத்தில் எழுதி வைத்திருந்தால் இன்று அந்தப் பணம் என்ன ஆகும்? கோர்ட்டுக்குப் போய் நோக்கத்தை மாற்ற வழி இருக்கிறது, ஆனால் 350 ரூபாய் வட்டிக்கு யார் போவார்கள்? "பிள்ளைகளின் நலனுக்காக" என்பது "கிறிஸ்துமசுக்கு ஒரு ஜோடி பச்சைத்துணி" என்பதைவிட நூறு வருடம் அதிகம் வாழும். கூடவே, "அது முடியாத காலத்தில் சபையின் பொதுத் தேவைக்கு" என்று ஒரு வால் வேண்டும். அப்புறம் பெயர் பொறிக்கிற நிபந்தனை. மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதி, அது சுற்றும்போது யாருடைய பெயரும் தெரியாமல் போகிற கோவில்களில் உட்கார்ந்திருக்கிறோம், அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்.

இருக்கும்போதே கொடுத்துவிடுவது

உயில் இல்லாத வழி. பாளையங்கோட்டையில் 1785-இல் எழுந்த கிளாரிந்தா கோவில் அப்படி வந்ததுதான். கணவனை இழந்த பிராமணப் பெண்ணான கிளாரிந்தா 1778-இல் பாளையங்கோட்டையிலேயே மிஷனரி சுவார்ட்சு ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். தாம் கட்டிய கோவிலில் தாமே உட்கார்ந்து ஆராதித்தார். ஊர் இன்றும் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்கிறது. அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த சுவார்ட்சு ஐயர் வேறு வழியில் போனார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். 1798-இல் தஞ்சையில் இறந்தபோது தம் சேமிப்பை மிஷனுக்கு உயிலில் விட்டுப் போனார். ஆகவே இரண்டு வழியும் நமக்குப் புதிதல்ல.

சொத்தை இன்றே கொடுக்க வேண்டுமானால் தானப் பத்திரமோ செட்டில்மென்ட்டோ பதிய வேண்டும். "என் ஆயுள் வரை நான் அனுபவித்துக்கொள்வேன், பிறகு கோவிலுக்கு" என்றும் எழுதலாம். உயிலோடு வைத்துப் பார்த்தால் இரண்டு பெரிய வேறுபாடு. ஒன்று, செலவு. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் தமிழ்நாட்டில் சலுகை உண்டு. கோவில் குடும்பம் அல்ல. வழிகாட்டி மதிப்பில் 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். இருபது லட்ச மதிப்புள்ள இடத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். உயிலுக்கு முத்திரைத் தீர்வையே இல்லை, பதிவு செய்வதும் கட்டாயமில்லை. மற்றது, திரும்பப் பெறுவது. உயிலைச் சாகும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்துப் போடலாம். தானம் கொடுத்தது கொடுத்ததுதான். கொடுத்த பிறகு கமிட்டியோடு சண்டை வந்தாலும், மருத்துவச் செலவு வந்தாலும், அந்த இடம் உங்களுடையதல்ல. எழுபது வயதில் இருக்கிற ஒரே வீட்டை இப்படி எழுதிக் கொடுக்க வருகிறவர்களை நான் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறேன்.

ரொக்கம் வேறு கதை. வருடம் பத்தாயிரமோ இருபதாயிரமோ கையோடு கொடுத்தால் அது எங்கே போகிறது என்று பார்க்கலாம். சரியாகச் செலவழிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் கையை மடக்கிக்கொள்ளலாம். உயிலில் இந்த வசதி இல்லை. பெரிய தொகையை உயிலில் எழுத நினைக்கிறவர்கள் முதலில் சின்னத் தொகையை இப்போதே கொடுத்து அந்தக் கமிட்டியின் கணக்கு வழக்கைச் சோதித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

வரிச் சலுகைக்காக யாரும் உயில் எழுத வேண்டியதில்லை. இறந்தவர் சொத்துக்குப் போடும் வரி பற்றி இணையத்தில் வருகிற பிரிட்டிஷ் ஆலோசனைகளைச் சிலர் அனுப்புகிறார்கள். அங்கே இறந்தவர் சொத்துக்கு வரம்புக்கு மேல் 40 சதவீத வரி. பத்தில் ஒன்றைத் தர்மத்துக்கு விட்டால் அது 36 ஆகக் குறையும். இங்கே அந்த மாதிரி வரியை 1985-இலேயே எடுத்துவிட்டார்கள். இல்லாத வரியில் என்ன சலுகை? உயிரோடு கொடுப்பதில், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, 80ஜி என்று எல்லாரும் சொல்லும் வருமான வரிக் கழிவு உண்டு, ஆனால் அது பொதுவாக மருத்துவமனை, விடுதி போன்ற தர்ம அமைப்புகளுக்கு. வழிபாட்டுக்கென்றே இருக்கிற சபைக்குப் பெரும்பாலும் கிடைக்காது. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் கழிவுக் கணக்கில் வராது.

எழுதுகிறபோது

எந்த வழியானாலும் இரண்டு சாட்சிகள் நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, உங்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு தகராறு வந்தால் அவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டியிருக்கும். அதனால் உங்களைவிட இருபது, முப்பது வயது இளையவர்களாகப் பாருங்கள். அத்தை தன் வயதுத் தோழிகளைப் பிடித்தது அன்பினால்தான், ஆனால் கெட்டது அங்கேதான். சாட்சிக்கோ, சாட்சியின் கணவன் மனைவிக்கோ உயிலில் எதுவும் எழுதக் கூடாது. நம் சட்டத்தில் அது செல்லாமல் போகும். கோவில் குருவானவரைச் சாட்சியாகப் போடுவதையும் தவிர்க்கலாம். பலன் பெறுகிறவர் உயில் எழுதுவதில் முன்னே நின்றால் கோர்ட்டு அந்த உயிலைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் என்பது 1958-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன காலத்திலிருந்து நிலைத்த நெறி. நிறைவேற்றுகிறவராகவும் அவரைப் போட வேண்டாம், எந்த ஊருக்கு மாற்றலாகியிருப்பாரோ. மகனோ மகளோ இருக்கட்டும். புரொபேட், அதாவது உயிலைக் கோர்ட்டில் மெய்ப்பித்துச் சான்று வாங்குவது, பற்றிப் பயப்பட வேண்டாம். இந்தியக் கிறிஸ்தவர் உயிலுக்கு அது 2002-லிருந்தே கட்டாயமில்லை.

மனைவி இறந்து மறுமணம் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்யாணம் நடந்ததும் முன்பு எழுதிய உயில் நமக்குத் தானாக ரத்தாகிவிடும். புதிதாக எழுத வேண்டும்.

தனிச் சபைகளுக்கு எழுதுகிறவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. பாஸ்டர் பெயரில் எழுதினால் அது பாஸ்டரின் சொந்தச் சொத்து. அவருக்குப் பின் அவர் பிள்ளைகளுக்கு. அவர் எவ்வளவு நல்லவர் என்பது இதில் பொருட்டே அல்ல. பதிவு செய்த டிரஸ்ட் இருக்கிறதா, அதன் பத்திரத்தில் யார் யார் இருக்கிறார்கள், அந்த டிரஸ்ட் பெயரில் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்துக்கு எழுத வேண்டாம்.

என் உயிலில் உள்ள வரியை அப்படியே தருகிறேன். பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். "என் கடன்களும் அடக்கச் செலவும் போக, வங்கிகளிலும் தபால் நிலையத்திலும் என் பெயரில் மீதியிருக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை, இன்ன டிரஸ்ட் அசோசியேஷனுக்கு, இன்ன சேகரத்தைச் சேர்ந்த இன்ன ஊர்ச் சபைப் பிள்ளைகளின் நலனுக்காகக் கொடுக்கிறேன். அந்த ஊரில் பிள்ளைகளுக்கான ஊழியம் இல்லாத காலத்தில் அச்சபையின் பொதுத் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்." வீடு மனைவிக்கு, அவளுக்குப் பிறகு மகளுக்கும் மகனுக்கும்.

பிள்ளைகள் இருவரையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. மகன்தான், "அப்போ அத்தைப்பாட்டி ஆசைப்பட்ட துணி?" என்று கேட்டான். போன டிசம்பரில் அவனே பணம் அனுப்பினான். ஓய்வுநாள் பள்ளியில் இப்போது முப்பத்தொரு பிள்ளைகள். கடையில் அளவு சொல்லி எடுத்து வந்தோம், நாலு பேருக்கு மட்டும் பெரிதாகிவிட்டது. இன்னும் ஒரு சாட்சி பாக்கி. எதிர் வீட்டுத் தம்பியைக் கேட்டிருக்கிறேன், முப்பத்தாறு வயது, திங்கட்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான்.